ஆடி ஏ4 1.8 டிஎஃப்எஸ்ஐ: டைமிங் செயின் டென்ஷனர் மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

2008 முதல் 2012 வரை தயாரான ஆடி ஏ4 1.8 டிஎஃப்எஸ்ஐ கார்கள் சென்னையில் இன்னும் நிறையவே ஓடுகின்றன. விலை நன்றாக இறங்கிவிட்டதால், மூன்றாவது நான்காவது ஓனர்கள் கையில் அவை இருக்கின்றன. அதே இஏ888 குடும்ப இன்ஜின்தான் ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ கார்களிலும் இருக்கிறது. ஓடும்வரை அருமையான இன்ஜின். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளையும் இணைப்பது டைமிங் செயின். ஆனால் அதன் முன்பக்கக் கவருக்குள் இருந்து அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் விரல் நீள டென்ஷனர் ஒன்று கைவிட்டால், ஒரே ஸ்டார்ட்டில் 16 வால்வுகளும் வளையக்கூடும். அமெரிக்காவில் இந்த டென்ஷனரை முன்வைத்து நடந்த வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது. இங்கே ஓனரும் மெக்கானிக்கும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே உள்ளவை ஏ4-க்கான படிகள். லாரா, சூப்பர்ப் கார்களில் எது மாறும் என்பது இடையில் வரும்.

ஏன் கைவிடுகிறது

இன்ஜின் ஓடும்போது டென்ஷனரின் பிஸ்டனை ஆயில் பிரஷர் வெளியே தள்ளி, கைடு ரெயில் (செயின் உரசி ஓடும் பட்டை) வழியாகச் செயினை இறுக்கிப் பிடிக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் பிரஷர் போய்விடும். அப்போது பிஸ்டன் உள்ளே போகாமல் நிறுத்துவது ஒரு சின்ன பல்பூட்டு மட்டுமே. பழைய வகை டென்ஷனரில், பிஸ்டனின் ஒரு பக்கத்தில் ரம்பப் பல் வெட்டி, அதில் ஓர் ஆப்பு போய் மாட்டும்படி செய்திருக்கிறார்கள். நாளடைவில் ஆப்பின் முனை மழுங்கும், அல்லது சில்லாக உடையும். பிறகு பிஸ்டன் உள்ளே சரியும், செயின் தொங்கும். அடுத்த ஸ்டார்ட்டில், ஆயில் ஏறுவதற்குள் செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தாண்டினால் இன்ஜின் தடுமாறும். மூன்று நான்கு பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் மோதும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இன்ஜின் பின்னோக்கிச் சுழன்றால், வழக்கமாகத் தளர்ந்திருக்கும் பக்கத்துச் செயின் இழுபட்டு, கைடு ரெயிலோடு டென்ஷனர் பிஸ்டனை உள்ளே அழுத்தும். மேனுவல் கியர் லாராவை அடுக்குமாடி பேஸ்மென்ட் சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் ஃபர்ஸ்ட் கியரில் மட்டும் நிறுத்துகிறோம். வண்டி ஓரங்குலம் பின்னால் உருளும். அந்த ஓரங்குலத்தின் மொத்த அழுத்தமும் தேய்ந்த ஆப்பின் மேல்தான் விழுகிறது. முன்பக்கம் இறக்கமாக இருந்து ரிவர்ஸ் கியரில் நிறுத்தினாலும் இதே கதைதான். ஆட்டோமேட்டிக் ஏ4-ஐ பார்க்கில் நிறுத்தினால் இந்த ஆபத்து இல்லை. பூட்டு கியர்பாக்ஸில் விழுகிறது, இன்ஜினுக்குப் போவதில்லை.

இன்னொரு காரணம் ஆயில். இந்தத் தலைமுறை இன்ஜின்கள் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனவை. பல ஏ4 கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. டேஷ்போர்டில் உள்ள எம்எம்ஐ திரையில்தான் அளவு தெரியும். எச்சரிக்கை விளக்கு எரியும்வரை பார்க்காமல் ஓட்டினால், கத்திப்பாரா நெரிசலில் கொதிக்கும் குறைந்த ஆயில்தான் டென்ஷனருக்கும் செயினுக்கும் போய்ச் சேரும்.

முதலில் கண்டுபிடியுங்கள்

"ரெண்டு செகண்ட் சத்தம்தானே அண்ணே, அப்புறம் நின்னுடுது" என்று ஓனர் சொன்னால், அன்றைக்கே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் முதல் ஓரிரு விநாடி முன்பக்கத்திலிருந்து கடகடவென்று கேட்பது செயின் கவரில் அடிபடும் சத்தம். ஆனால் சத்தம் வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எந்தச் சத்தமும் கொடுக்காமல் ஒரே நாளில் போன டென்ஷனர்கள் உண்டு. அதனால் சத்தத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

லோயர் டைமிங் கவரில், கிராங்க் புல்லிக்குச் சற்று மேலே ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றிச் சின்ன கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தால் டென்ஷனர் தெரியும். பிஸ்டனின் ஒரு பக்கத்தில் மட்டும் ரம்பப் பல்லும் ஆப்பும் இருந்தால் பழைய வகை. பிஸ்டனைச் சுற்றிலும் வளைய வளையமாகப் பள்ளம் வெட்டி, கம்பி வளையம் ஒன்று பிடித்திருந்தால் அது திருத்திய புது வகை. பழைய வகை என்று தெரிந்தால், கிலோமீட்டர் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

புது வகை இருந்தால் அதே துளை வழியாகச் செயினின் தேய்மானத்தையும் பார்க்கலாம். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜினை அதன் சுழற்சித் திசையிலேயே (முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை) இரண்டு சுற்று சுற்றி, பிஸ்டன் அதிகம் வெளியே வரும் இடத்தில் நிறுத்தி, தெரியும் பல்வரிசையை எண்ணுங்கள். ஆறு வரை சரி. ஏழோ அதற்கு மேலோ தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது.

கூடவே ஸ்கேனர் போட்டு இன்டேக் கேமின் ஃபேஸ் பொசிஷனை, அதாவது கேம் தன் இடத்திலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். 0-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 4 டிகிரியைத் தாண்டினால் செயினையும் சேர்த்து மாற்றத் திட்டமிடுங்கள். பி0016 கோடு வந்திருந்தால் கிராங்க்குக்கும் கேமுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். டோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது கூடவே கூடாது.

வாங்க வேண்டியவை

டென்ஷனரின் திருத்திய எண் 06கே 109 467 கே. பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், பொருளிலேயே வளையப் பள்ளமும் கம்பி வளையமும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஜி.பி. ரோட்டில் நல்ல தயாரிப்புகளும் கிடைக்கும், அச்சு அசலாகப் பெட்டி போட்ட போலிகளும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய இன்ஜினிலிருந்து கழற்றிய டென்ஷனர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அந்த இன்ஜின் அங்கே வந்து சேர்ந்ததற்கே அந்த டென்ஷனர் காரணமாக இருக்கலாம்.

டென்ஷனரோடு டைமிங் செயின், கைடு ரெயில்கள், புது லோயர் கவர், அதன் 15 போல்ட்டுகள், கிராங்க் முன் ஆயில் சீல், கிராங்க் புல்லி போல்ட், அப்பர் கவர் கேஸ்கெட், சீலன்ட், ஆயில் ஃபில்டர், 5 லிட்டர் ஆயில் (விடபிள்யூ 502.00 அல்லது அந்த இன்ஜினுக்குரிய தரம்) வேண்டும். ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 4.6 லிட்டர் பிடிக்கும். லோயர் கவர் தகடு, கழற்றும்போது நெளிந்துவிடும். தட்டி நிமிர்த்தித் திரும்பப் போட்டவர்கள் ஆயில் கசிவுக்காக எல்லாவற்றையும் மறுபடி பிரித்திருக்கிறார்கள். புல்லி போல்ட்டும் கவர் போல்ட்டுகளும் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடுபவை. பழையதைத் திரும்பப் போடக்கூடாது.

இன்ஜினின் குறியீட்டு எழுத்துகளை டிக்கியில் ஸ்டெப்னி குழியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். "1.8 டிஎஃப்எஸ்ஐ" என்று மட்டும் சொன்னால் தப்பான செயின் வந்துசேரும்.

சிறப்புக் கருவிகளில் தவிர்க்கவே முடியாதவை: கேம் கண்ட்ரோல் வால்வைக் கழற்ற டி10352, கிராங்க் புல்லியைப் பிடிக்க டி10355, புல்லி கழன்றபின் ஸ்ப்ராக்கெட்டை இறுக்கிவைக்க டி10531, டென்ஷனரைப் பூட்ட டி40267, கேம் ஸ்ப்ராக்கெட்டுகளைப் பிடிக்க டி40271. இவற்றின் நகல் செட் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒரு வேலைக்குத் தாராளமாகப் போதும். டார்க் ரென்ச் மட்டும் அளவு சரிபார்த்ததாக இருக்கட்டும். 9 நியூட்டன் மீட்டருக்கு ஒன்று, 150-க்கு ஒன்று என்று இரண்டு வேண்டும்.

பிரிப்பது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அடித்தட்டை எடுத்து, ஆயிலை வடியுங்கள். வடிந்த ஆயிலை வெள்ளைத் துணி வழியாக ஊற்றிப் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தால் கைடு ரெயில் உடைந்திருக்கிறது. சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி, ஆயில் பம்பின் சல்லடையைச் சுத்தம் செய்யாமல் வண்டியை மூடக்கூடாது.

ஏ4-ல் இன்ஜின் நீளவாட்டில் இருப்பதால் டைமிங் பக்கம் ரேடியேட்டரைப் பார்த்து நிற்கிறது. முன்பம்பரைக் கழற்றி, ரேடியேட்டர் தாங்கும் முன்சட்டத்தைச் சர்வீஸ் நிலைக்கு இழுங்கள்: சட்டத்தின் போல்ட்டுகளுக்குப் பதில் நீளமான கம்பிகளைத் திருகி, சட்டத்தை அப்படியே முன்னால் நகர்த்துவது. ஏசி கேஸை விட வேண்டியதில்லை. லாராவிலும் சூப்பர்பிலும் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது. அங்கே இன்ஜினைத் தாங்கிப் பிடித்துவிட்டு டைமிங் பக்க மவுண்ட்டைக் கழற்ற வேண்டும். மவுண்ட் போல்ட்டுகளும் புதிதாகத்தான் போடவேண்டும். மற்ற படிகள் பெரும்பாலும் ஒன்றே.

பெல்ட் ஓடும் திசையைச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அப்பர் கவரைக் கழற்றினால் இரண்டு கேம் ஸ்ப்ராக்கெட்டுகளும் தெரியும். இப்போது கிராங்க்கைக் கடிகாரத் திசையில் சுற்றி, புல்லியின் வெட்டு கவரில் உள்ள குறியோடு சேரும்படியும், கேம் ஸ்ப்ராக்கெட் குறிகள் மேல்நோக்கி இருக்கும்படியும் நிறுத்துங்கள். புல்லி சேர்ந்து கேம் குறிகள் கீழே இருந்தால் இன்னும் ஒரு முழுச்சுற்று. தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பாதீர்கள். இரண்டு சுற்று முன்னால் சுற்றித் திரும்ப வாருங்கள். பின்னால் திருப்பும் அந்தக் கால் சுற்றிலேயே பழைய டென்ஷனர் கைவிடலாம்.

செயினின் வண்ணக் கண்ணிகள் இந்த நிலையில் குறிகளோடு சேராது. அது இயல்பு. உங்கள் பெயின்ட் பேனாவால் செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் மூன்று இடத்தில் கோடு போட்டு, ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இன்டேக் கேமின் கண்ட்ரோல் வால்வு. இதற்கு இடதுபுற மரை. வழக்கப்படி இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இறுகும், இன்னும் பலம் கொடுத்தால் உடையும். வலப்பக்கம் திருப்ப வேண்டும். கழன்றதும் முன்னால் கேம் முனைகளைத் தாங்கி இருக்கும் பேரிங் பிரிட்ஜை நேராக இழுங்கள், சாய்த்து நெம்பாதீர்கள். பிரிட்ஜின் ஆயில் வழியில் ஒரு மெல்லிய சல்லடை இருந்தால் அது முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த சல்லடைத் துணுக்கு கேம் அட்ஜஸ்டருக்குள் போனால் வேறொரு வேலை தொடங்கும்.

இப்போது கிராங்க் புல்லி. டி10355 போட்டுப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் தளர்த்துங்கள். கேம் ஸ்ப்ராக்கெட்டையோ ஃபிளைவீலையோ ஸ்க்ரூடிரைவரால் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டாம். இந்த ஒரு போல்ட்தான் உள்ளே இருக்கும் செயின் ஸ்ப்ராக்கெட்டையும் கிராங்க்கோடு பிடித்துவைக்கிறது. புல்லியை எடுத்த உடனே டி10531 தொகுப்பின் பிடிப்பு போல்ட்டைப் போட்டுவிடுங்கள். மறந்து கிராங்க்கைத் திருப்பினால் ஸ்ப்ராக்கெட் தனியாக நழுவி, வைத்த டைமிங் எல்லாம் வீண்.

லோயர் கவரின் 15 போல்ட்டுகளையும் எடுத்து, ஓரத்தில் நெம்பிக் கழற்றுங்கள். சீலன்ட் பலமாகப் பிடித்திருக்கும். நெம்பும்போது பிளாக்கின் முகத்தில் கீறல் விழக்கூடாது.

டென்ஷனரை எடுப்பது

கைடு ரெயிலை மெதுவாக டென்ஷனர் பக்கம் அழுத்துங்கள். பழைய வகையில், துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவர் விட்டு ஆப்பை உயர்த்தினால் பிஸ்டன் உள்ளே போகும். டி40267 பின்னைச் செருகிப் பூட்டுங்கள். டென்ஷனர் பக்கத்துக் கைடு ரெயிலை எடுத்ததும் செயின் தளரும். டி40271 பிடிகளைக் கேம் ஸ்ப்ராக்கெட் பற்களுக்குள் தள்ளிப் பூட்டியபிறகே செயினைத் தூக்குங்கள். வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் தானாகத் துள்ளித் திரும்பும், விரல் பத்திரம்.

டென்ஷனரைப் பிடிப்பவை இரண்டே போல்ட்டுகள். கையில் எடுத்ததும் டீசலில் அலசி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் ஆப்பின் முனையில் கத்தி விளிம்பு போல ஒரு கோடு தெரியும். தேய்ந்ததில் அந்த விளிம்பு உருண்டு, கண்ணாடிபோல் பளபளக்கும். பூட்டிய பின்னை உருவி, பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்: ஒரு பல், இரண்டு பல் என்று 'டிக், டிக்'கென்று நழுவினால், அடுத்த ஸ்டார்ட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஓனருக்கு விளக்கவே வேண்டாம். அதை அவர் கையில் கொடுத்தால் போதும்.

பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பதும் நல்லது. ஒவ்வொரு கண்ணியிலும் முடியளவு தேய்மானம் சேர்ந்து, முழு நீளத்தில் கண்ணுக்கே தெரியும்.

செயின் நன்றாக இருக்கிறதே, டென்ஷனர் மட்டும் போடலாமா என்று கேட்பார்கள். ஃபேஸ் அளவு 0-க்கு அருகே இருந்து, கைடுகளில் பள்ளம் விழாமல் இருந்தால் போடலாம். இவ்வளவு தூரம் பிரித்தபிறகு அந்த மிச்சம் பிடிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் செயினையும் மாற்றுவதே சரி.

பூட்டுவது

புதுச் செயினின் மூன்று வண்ணக் கண்ணிகளையும் எக்ஸாஸ்ட், இன்டேக், கிராங்க் ஸ்ப்ராக்கெட் குறிகளில் உட்காரவையுங்கள். கேம் ஒரு பல் அளவு ஒத்துவரவில்லை என்றால் பிடியைத் தளர்த்தி, கேமைச் சிறிது திருப்பிச் சேர்க்க வேண்டும். செயினை இழுத்து ஒப்பேற்றாதீர்கள். கைடு ரெயில்களைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு 20 நியூட்டன் மீட்டர், டென்ஷனர் போல்ட்டுகளுக்கு 9. மூன்று கண்ணிகளையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, புது டென்ஷனரின் பூட்டுப் பின்னை உருவுங்கள். பின்னை உருவாமலே கவரை மூடியவர்களும் உண்டு. கருவிப் பெட்டியில் பின் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டே மூடுங்கள்.

பேரிங் பிரிட்ஜின் போல்ட்டுகள் 9. கண்ட்ரோல் வால்வு இடப்பக்கம் திருப்பி 35.

பிளாக் முகத்தில் பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடையுங்கள். கவரில் 2-3 மில்லிமீட்டர் கனத்துக்கு, போல்ட் துளைகளின் உட்புறமாக, இடைவெளியில்லாமல் சீலன்ட் வைத்து ஐந்து நிமிடத்துக்குள் பொருத்திவிட வேண்டும். காற்றின் ஈரத்தில் இறுகும் பசை இது. நம் ஊர் கடற்காற்றில் சீக்கிரமே தோல் கட்டும். போல்ட்டுகளை எல்லாம் முன்கூட்டியே வரிசையாக வைத்துவிட்டுப் பசையைத் திறங்கள். கனமாக வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். கவர் போல்ட்டுகள் சர்வீஸ் மேனுவலில் உள்ள வரிசைப்படி 8 நியூட்டன் மீட்டர், பிறகு 45 டிகிரி. புது ஆயில் சீலை நேராக அழுத்தி உட்காரவையுங்கள்.

புல்லியைப் பல் சேரும்படி பொருத்தி, புது போல்ட்டுக்கு 150 நியூட்டன் மீட்டர், மேலும் 90 டிகிரி. அந்த 90 டிகிரிக்கு நீளமான பிடியும் இரண்டாவது ஆளும் தேவை. கை வலிக்கிறதென்று 60-ல் நிறுத்தினால் ஸ்ப்ராக்கெட் நழுவும்.

இனிக் கையால் கிராங்க்கை இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். எங்காவது திடுமென்று முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலம் கொடுத்துத் தாண்டக்கூடாது. இரண்டு சுற்றுக்குப் பின் புல்லிக் குறியும் கேம் குறிகளும் சேர வேண்டும். வண்ணக் கண்ணிகள் சேராது. அதைப் பார்த்துப் பதறி மறுபடி பிரிக்க வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஊற்றியதும் ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, பத்து விநாடி வீதம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை கிராங்க் செய்யுங்கள். வறண்ட டென்ஷனருக்குள் ஆயில் ஏறட்டும். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஓரிரு விநாடி சத்தம் வந்து அடங்கலாம். அடங்காமல் தொடர்ந்தால் உடனே நிறுத்துங்கள். சூடானதும் ஸ்கேனரில் ஃபேஸ் அளவு 0-க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 10 டிகிரிக்கு மேல் தள்ளியிருந்தால் ஒரு பல் தப்பாக வைத்திருக்கிறீர்கள். ஓட்டிப் பார்க்காமல் பிரியுங்கள்.

செயின் ஏற்கனவே தாண்டிய வண்டி என்றால் வரிசை மாறும். டைமிங்கைச் சரியாக வைத்துக் கையால் சுற்றிய கையோடு, ஸ்டார்ட் செய்யாமல் நான்கு சிலிண்டரிலும் லீக் டெஸ்ட் (உள்ளே காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) எடுங்கள். காற்று இன்டேக் அல்லது சைலன்சர் வழியாகச் சீறினால் வால்வு வளைந்துவிட்டது. ஹெட் இறங்கியாக வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்து, "டென்ஷனர் மாத்திட்டோம்" என்று ஓனரிடம் பில் போட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்யும்போது மிஸ்ஸிங் அடித்தால் அந்தப் பேச்சு யாருக்கும் நன்றாக இருக்காது.

1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றுங்கள். பிரித்தபோது விழுந்த பசைத்துணுக்கும் பழைய கைடின் தூளும் அதோடு வெளியே போகும். அப்போதே வண்டியைத் தூக்கி, லோயர் கவர் சம்ப்போடு சேரும் கீழ் மூலைகளில் விரலால் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் முதலில் ஈரம் தட்டுவது அங்கேதான்.